கல் நீக்கி

“சொத்து யார் பேரில் இருக்கிறது?”
எதிர்த்தரப்பு வக்கீல் பட்டாவைத் தூக்கிக் காட்டினார்,
ஈரத்துணியை உதறுகிற மாதிரி.
மதியரசன், த/பெ கோவிந்தசாமி.
நன்செய். மூன்று மா.
மன்னார்குடி சப்-கோர்ட் மின்விசிறி
சுற்றுக்கு ஒருமுறை ‘டக்’ என்றது.
நான் அதை எண்ணிக்கொண்டிருந்தேன்.

“நகை போட்டதற்கு ரசீது?”
கறவை மாடு இரண்டையும் கொட்டகையோடு விற்று
அப்பா வாங்கிய இருபத்திரண்டு சவரனுக்குப்
பத்தர் எழுதிக் கொடுத்த துண்டுச்சீட்டு
கஜா புயலில் ஓட்டோடு போனது.

என்னிடம் இருப்பது வேறு காகிதம்.
கூட்டுறவுச் சங்கத்து நகைக்கடன் அட்டை, ஏழு.
ஆரம் ஒன்று.
நெளி வளையல் நான்கு.
ஜிமிக்கி ஒரு ஜோடி, திருகாணி ஒன்று இல்லை.
கல் நீக்கி நிகர எடை இவ்வளவு என்று
ஊதா மையில்.
கல்லைக் கழித்தார்கள், அரக்கைக் கழித்தார்கள்,
மிச்சத்துக்குப் பணம் தந்தார்கள்.
ஏழு அட்டையிலும் கையெழுத்து என்னுடையது:
ம. தையல்நாயகி.
அந்த ‘ம’வுக்குப் புள்ளி வைக்க
ஒரு தடவைகூட மறந்ததில்லை.

முதல் அட்டை, நிலத்தைக் கிரயம் பண்ண.
இரண்டாவது, போர் போட.
நூற்று நாற்பது அடியில் உப்புத் தண்ணீர்,
அதையும் தாண்டி இறக்கினோம்.
மூன்றாவது, அவன் சிங்கப்பூர் போக.
நான்காவது, சிங்கப்பூரிலிருந்து அவன் திரும்பி வர.
ஐந்தை மீட்க ஆறு.
ஏழாவது ஏலத்துக்குப் போன அன்று
எனக்குத் தெரியாத ஒரு வீட்டில்
அவன் தரைக்கு டைல்ஸ் பதித்துக்கொண்டிருந்தான்.

பொன் போன வயலில்
பொன்மணி நட்டோம்.
நட்டோம் என்பது பேச்சுக்கு.
நட்டேன்.
கொள்முதல் நிலையத்து வாசலில் மூன்று ராத்திரி
தார்ப்பாய் பறக்காமல் நெல்லுக்குக் காவல் இருந்தேன்.
சிட்டா யார் பேரில் என்று கேட்டார்கள்.
பணம் அந்தப் பேரின் கணக்கில் ஏறியது.

நீதிபதி ஓர் அம்மாள். கண்ணாடியைக் கழற்றி
“அந்த நிலத்துக்கும் உங்களுக்கும்
என்னம்மா சம்பந்தம்?” என்றார்.

சம்பந்தம்.
அந்தச் சொல்லை அப்பா கடைசியாகச் சொன்னது
தட்டு மாற்றிக்கொள்ளும்போது.

வக்கீல் சொல்லிக் கொடுத்திருந்த பதில்
தொண்டை வரை வந்தது.
வாயில் வந்தது வேறு.
“வடமேற்கு மூலை பள்ளம்மா.
ஒரு சாண் தாழ்வு. மழை விட்டாலும்
அங்கே மட்டும் தண்ணி நிக்கும்.
நாலு நாள் நின்னா பயிர் அழுகிடும்.”

யாரோ சிரித்தார்கள்.
டைப் அடிக்கிறவர் விரலைத் தூக்கிக்கொண்டு
நீதிபதியைப் பார்த்தார்.
“எழுதுங்க” என்றார் அந்த அம்மாள்.
“அவங்க சொன்ன மாதிரியே எழுதுங்க.”
பிறகு எதிர்ப்பக்கம் திரும்பி
“உங்க கட்சிக்காரரைக் கேளுங்க,
பள்ளம் எந்த மூலை?”

மதியரசன் வக்கீலைப் பார்த்தான்.
வக்கீல் பட்டாவைப் பார்த்தார்.
அதில் மூலைகள் இல்லை.

வாய்தா, தை ஏழாம் தேதிக்கு.

திரும்புகிற பஸ்ஸில் மழை.
பாமணி ஆற்றுப் பாலம் தாண்டி மதகடியில் இறங்கினேன்,
என் ஸ்டாப் அதுவல்ல.
சொன்னபடியே வடமேற்கு மூலையில்
வெள்ளையாகத் தண்ணீர்.
அவன் குத்தகைக்கு விட்ட ஆள்
வடிமடையை அடைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

பையைத் தலையில் வைத்துக்கொண்டேன், அட்டைகள் நனையாமல்.
புடவையைத் தூக்கிச் செருகினேன்.
கையாலேயே சேற்றை வாரி எறிந்தேன்.
தண்ணீர் முதலில் தயங்கியது,
அப்புறம் என்னைத் தள்ளிக்கொண்டு போனது.

அத்துமீறி நுழைந்ததாக
இன்னொரு கேஸ் போடுவானோ என்னவோ.
போடட்டும்.
தை ஏழுக்குள்
பால் பிடித்து, கதிர் தலை சாய்ந்துவிடும்.